வயர் மீது போட்ட பழி

எனக்கு வாய் நீளம். கோபம் வந்தால் முதலில் வாய் போகும், மூளை ஆறுதலாகப் பின்னால் வரும். வீட்டில் இது எல்லாருக்கும் பழகிப்போனது. நான் குரலை உயர்த்தினால் என் மனுசன் சட்டையை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். ஆனால் வெளியில் ஒருத்தியின் பிழைப்பில் என் வாய் விளையாடிய நாள் ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் ஒரு சின்ன அறிவியல் நிலையம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் செய்முறை காட்டுவதுதான் எங்கள் வேலை. ஆறு பேரும் தற்காலிகம். நிரந்தரமாக்குவதற்கு ஒரு சோதனை வைத்தார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, பெட்டியில் வருகிற சோலர் கார் ஒன்றைப் பூட்ட வேண்டும். பிறகு அதை நிலையத்து முற்றத்துச் சீமெந்துத் தரையில், சோக்கட்டியால் கீறிய ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோட்டுக்குப் பத்து மீற்றர் ஓட்டிக் காட்ட வேண்டும். யார் எந்த வேலையைச் செய்தார் என்று தாளில் தனித்தனியாக எழுதுவார்கள். பிழை யாருடைய வேலையில் இருக்கிறதோ அவருக்கு நிரந்தர நியமனக் கடிதம் இல்லை.

என்னோடு சேர்ந்தவள் முள்ளிவாய்க்கால் பக்கத்துப் பிள்ளை. வேதக்காரி, ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவள். என்னைவிடப் பத்து வயது குறைவு. புருஷனுக்குக் கடல் தொழில், காற்றுக் காலத்தில் அதுவும் இல்லை. நிலையத்துக்கு வரமுதல் அவள் நண்டுக் கொம்பனியில் நண்டு உடைத்தவள். ஐஸில் கிடந்த நண்டை விடியமுதல் தொடங்கி நாள் முழுக்க உடைத்து, விரல் நுனியெல்லாம் புண்ணாகி, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்ட கதையை எனக்குச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். இந்த வேலை சரிவராவிட்டால் திரும்ப அங்கேதான் என்பதையும் அப்படியே சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சில்லும் பல்லுச்சில்லும் பூட்டுவது என் வேலை. சோல்டரிங் அயனால் ஈயம் உருக்கி வயர் ஒட்டுவது அவளுடையது. முதல் நாள் பின்னேரம் முற்றத்தில் வைத்துப் பார்த்தோம். கையை எடுத்ததும் கார் ஓடிப்போய் வாசல் படியில் முட்டி நின்றது. அவள் இரண்டு பஸ் மாறி வருகிறவள், நெரிசலில் நசிந்துவிடும் என்று காரை நான் ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அடுத்த நாள் காலை, பஸ் ஏறமுதல், பிள்ளையாரிடம் போனேன். எங்கள் பக்கத்தில் புது வாகனம் ஒன்று இப்படித்தான் றோட்டில் இறங்கும். வயல் உழுகிற லான்ட் மாஸ்டர் வந்தாலும் சைக்கிள் வந்தாலும் முதல் ஓட்டம் கோயிலுக்கு. பிள்ளையார் காலடியில் காரை வைத்தேன். ஐயர் தந்த சந்தனத்தைப் பூச இடம் தேடினால், அந்தக் காருக்கு நெற்றி என்று சொல்ல வேறு இடமே இல்லை. நாலு சில்லு, ஒரு பிளாஸ்ரிக் சட்டம், மேலே உள்ளங்கை அளவில் சோலர் பனல். பனலில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை விரலால் ஒரே இழுப்பாகச் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமப் பொட்டு வைத்தேன். வடிவாக இருந்தது.

நிலையத்தில் அதைப் பார்த்த மற்றவர்கள் தங்களுக்கு இந்த யோசனை வரவில்லையே என்று கவலைப்பட்டார்கள். அவளும் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்றாள். பத்து மணி வெயில் சுள்ளென்று அடித்தது. மதிப்பிட வந்த சேர் தாளும் பேனையுமாக வந்து நின்றார். நான் காரைக் கோட்டில் வைத்துக் கையை எடுத்தேன்.

மோட்டர் ஒருமுறை முனகியது. சில்லு அசையவில்லை.

மெல்லத் தள்ளிவிட்டேன். இரண்டு விரல் தூரம் போய் நின்றது. முனகுகிறது என்றால் சில்லு எங்கோ உரசுகிறது, உரசினால் அது என் பிழை. காரைத் தூக்கிச் சில்லைச் சுண்டினேன். தங்குதடை இல்லாமல் சுழன்றது. பெருமூச்சு விட்டேன். சேர் அதையும் பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டரின் கிளிப்பைக் கழற்றி, ரோச் பற்றரி ஒன்றை மோட்டருக்குக் கொடுத்தேன், மோட்டர் பறந்தது. பனலின் இரண்டு முனையிலும் வோல்ற் மீற்றரைப் பிடித்தேன், வோல்ற்றளவு கிட்டத்தட்ட முழுதாகக் காட்டியது. பனல் சரி, மோட்டர் சரி, சில்லு சரி. மிச்சம் வயர்தான். பஸ் குலுக்கலில் ஒட்டு விட்டிருக்க வேண்டும்.

அவள் என் கையிலிருந்து மீற்றரை வாங்கினாள். கிளிப்பைத் திரும்ப மாட்டி, மோட்டரோடு சேர்த்தே பனலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பனலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அக்கா, இந்தப் பனல்..." என்று தொடங்கினாள். பனலை நான் பார்த்தாயிற்று, கதையை விட்டிட்டுப் போய் அயனைச் சூடாக்கும் என்று கத்தினேன். மற்ற இரண்டு சோடியும் திரும்பிப் பார்த்தன.

சேர் கிட்ட வந்து வயர் வேலை யாருடையது என்று கேட்டார்.

"அவாதான் சேர். ஒட்டுச் சரியில்லையெண்டு நான் நேற்றே சொன்னனான்."

நேற்று நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு வடிவாக ஒட்டியிருக்கிறீர் என்றுதான் சொன்னேன். பொய் எங்கிருந்து அவ்வளவு கெதியாக வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பயம், வேறென்ன. சேர் தாளில் எதையோ எழுதினார். இருபது நிமிடம் தருகிறேன், திருத்துங்கள் என்றார். அவள் அயனைச் சூடாக்க உள்ளே போனாள்.

நான் காரை மடியில் வைத்துக்கொண்டு படியில் குந்தியிருந்தேன். ஒட்டுக்களை நகத்தால் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அசையாதோ என்று இன்னும் பலமாக இழுத்தேன். அசைந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்போது பக்கத்துச் சோடியின் கார் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு கூடவே நடந்த பிள்ளை குனிந்தபோது, அவளுடைய சால்வையின் தலைப்பு பனலின் ஒரு கரையில் விழுந்தது. கார் நின்றுவிட்டது. சால்வையை எடுத்தாள், ஓடியது.

பனலில் ஒடுங்கிய பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருக்கும். தண்ணீர்க் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் முழுக் குழாயிலும் தண்ணீர் நிற்கிற மாதிரி, ஒரு பட்டை மறைந்தாலும் மொத்த மின்னோட்டமும் படுத்துவிடும். சும்மா மீற்றரைப் பிடித்தால் அது தெரியாது. மோட்டரோடு சேர்த்துப் பிடித்தால்தான் தெரியும். இதை நானே எத்தனை பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருக்கிறேன். குனிந்து பார்த்தேன். என் சந்தனம் இரண்டாவது பட்டையை நீளத்துக்கு மூடிக்கொண்டு காய்ந்து கிடந்தது.

சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பில் எச்சில் தொட்டு, பிள்ளையாரே மன்னித்துக்கொள் என்று சொல்லி, அழுத்தித் துடைத்தேன். கார் மடியிலேயே துள்ளியது.

கோட்டில் வைத்தேன். பத்து மீற்றரும் நேராக ஓடியது. சேர் வந்து என்ன பிழை என்று கேட்டார்.

"வயர்தான் சேர். கொஞ்சம் இறுக்கினனான்."

திரும்பினால் அவள் வாசலில் நிற்கிறாள், கையில் சுடச்சுட அயன். துடைத்த பனலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அயனின் வயரைச் சுற்றி வைத்தாள்.

பின்னேரம் பஸ் நிலையத்தில் இரண்டு பேரும் ஒரே மர வாங்கில் இருந்தோம். அவளுடைய முல்லைத்தீவு பஸ் இன்னும் வரவில்லை. நான் சந்தனம் பட்ட சேலைத் தலைப்பை இடுப்புக்குள் செருகி மறைத்திருந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. முதலே தெரியுமா என்று கேட்டேன்.

"ஓம். மோட்டரோடை பிடிச்சவுடனை விளங்கிட்டுது."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொல்ல வெளிக்கிட்டனான், நீங்கள் விடேல்லை. பிறகு சேரும் வந்திட்டார். அது உங்கடை கோயில் சந்தனம் அக்கா. அத்தனை பேருக்கு முன்னாலை, ஒரு வேதக்காரி, அதை அழியுங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

குரலில் கோபம் இல்லை. அவள் ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். பஸ் வந்தது. நண்டுக் கொம்பனிக்கு விடியமுதல் போனால்தான் ஆள் எடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு ஏறினாள்.

அவளுடைய பஸ் போன கையோடு என்னுடையது வந்தது. நான் ஏறவில்லை. நிலையத்துக்கு நடந்தேன். வழி முழுக்க எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டு நடந்தேன். சேர் போயிருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் போகவில்லை. சந்தனம், சால்வை, சேலைத் தலைப்பு எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, சொன்னதை எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். சொல்வது ஒன்று, என் கையால் எழுதுவது இன்னொன்று. ‘பொய் சொன்னேன்’ என்ற இரண்டு சொல்லை எழுத எனக்கு வெகுநேரம் பிடித்தது.

ஒரு கிழமையில் அவளுக்குக் கடிதம் வந்தது. எனக்கு மூன்று மாதம் தள்ளிவைத்தார்கள். அவள் எனக்குப் போன் எடுத்தாள். நான் எழுதிக் கொடுத்ததைச் சேர் சொல்லியிருக்கிறார். நன்றி அக்கா என்றாள். தான் அப்பவே பேசாமல் துடைத்துவிட்டிருக்கலாம், தன்னால்தான் எனக்கு இப்படியாகிவிட்டது என்றாள். எனக்குத் தலைக்கேறியது.

"ஒருக்காலெண்டாலும் என்னோடை கோவியுமன்," என்று கத்தினேன்.

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன்.

"கோவம் இருக்கு அக்கா," என்றாள். "கன நாளைக்கு இருக்கும்."