உழவர்கரை வீட்டில் நான் வெளியூர்க்காரி

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை புதுச்சேரி போய் வந்தேன். கடற்கரை, கஃபே என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். பள்ளித்தோழி ரோசியின் அம்மாவைப் பார்க்கத்தான் போனேன். சர்க்கரை வியாதியில் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. பாரிஸிலிருந்து விடுப்பில் வந்திருந்த ரோசி, "ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போயேன்டி" என்றாள். என் வீட்டைவிட அதிகமாக நான் சாப்பிட்டு வளர்ந்த வீடு அது. பன்னிரண்டு வருடமாகப் போகவில்லை, போனும் செய்யவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து சுமார் 380 கிலோமீட்டர். வெள்ளி இரவு ஒன்பதரைக்குப் பேருந்து, கட்டணம் 750. காலை ஆறரைக்கு இறங்கினேன். உழவர்கரைக்கு ஆட்டோ 150 ரூபாய். இரண்டு வார்த்தை பேசியதுமே ஓட்டுநர், "கோயம்புத்தூரா? மரியாதையா பேசறீங்களே" என்றார். வெட்கமில்லாமல் மகிழ்ந்தேன். கோயம்புத்தூருக்கு ஆசிரியையாகப் போன புதிதில், புதுச்சேரிப் பேச்சில் நான் "இன்னா" என்றாலே வகுப்பு சிரிக்கும், ஆசிரியர் அறையும் சிரிக்கும். கண்ணாடி முன் நின்று வாயைத் திருத்திக்கொண்டவள் நான்.

ரோசி ரொட்டி வாங்கப் போயிருந்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லாருக்கீங்ளாம்மா? நானுங்க, தேவி. ரோசிகூடப் படிச்சனுங்க."

"தேவியா? அது நம்ம ஊரு பொண்ணாச்சே. வாயத் தொறந்தா தெருவுக்கே கேக்கும். நீங்க எந்த ஊரு?" என்றவர், தலையணைக்கடியில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பதறிப்போய்ப் பழைய பேச்சுக்குத் தாவினேன். "இன்னாம்மா, என்னைத் தெரில? நாந்தாம்மா!" பள்ளி நாடகத்தில் வேஷம் கட்டியவள் பேசுவதுபோல எனக்கே கேட்டது. அவர் மரியாதையாகச் சிரித்தார்.

"நம்ம ஊரு பேச்சு நல்லாவே பேசறீங்க. உக்காருங்க, பொண்ணு வந்துடும்."

ரோசி வந்து, "யம்மா, தேவிதாம்மா இது!" என்று கத்தினாள். பிரான்சில் பதினைந்து வருடம் இருந்தும் அவள் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை. அம்மா என் முகத்தைத் தடவிப் பார்த்து அழுதார். நானும் அழுதேன். மீன்குழம்பு ஊற்றி வயிறு நிறையச் சாப்பிட வைத்தார்கள்.

போகிறவர்களுக்கு: வார இறுதி என்றால் திரும்பும் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். உங்கள் குரலை அறிந்தவர் அங்கே இருந்தால் போனிலாவது பேசிக்கொண்டே இருங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.

அந்த வீட்டில் எனக்குப் பெயரே "கழுத"தான். "கழுத, பாத்துப் போ" என்றுதான் அம்மா தினமும் அனுப்புவார். அன்று மாலை, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து, என் கையை விடாமல் சொன்னார்:

"பாத்துப் போங்க."