பெரியப்பா அழுத்திய இடம்

பலாங்கொடை பஸ்ஸுக்காகப் பாதை முடக்கில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அப்பா நெஞ்சுக்குழிக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். வயிற்றுப் புற்றுநோயில் செத்த பெரியப்பாவும் தாத்தாவும் அழுத்திய அதே இடம்.

"செய்வினைதான்டி, மந்திரிக்கணும்" என்றார் அம்மா.

"மந்திரிங்க. வயித்துக்குள்ள குழாய் விட்டு எண்டோஸ்கோபியும் பார்ப்போம்" என்றேன்.

"அடியே, என்னைப் பாம்பு முழுங்கச் சொல்றியா?" என்றார் அப்பா.

ஆஸ்பத்திரியில் குழாய் இறங்கியதும் திறந்த கதவு வழியே திரையைப் பார்த்தேன். அப்பாவின் வயிறு ஈரக் குகைபோல அசைந்தது. நடுவே வெளிறிய திட்டுகள்.

சதைத்துண்டுப் பரிசோதனை முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "புற்றுநோய் இல்ல. ஆனா வயித்துச் சுவர் மெலிஞ்சிருக்கு, பிறகு வரலாம். வயித்துல இருக்கிற கிருமிக்கு மருந்து குடுத்து, இடைக்கிடை கேமராவுல பார்ப்போம்."

இப்போது வீட்டில் எல்லோருடைய கைகளையும் கவனிக்கிறேன். நேற்றுக் கண்ணாடியில் பார்த்தால், என் கட்டைவிரலும் அங்கேதான் இருந்தது. அடுத்த கிளினிக்குக்கு நம்பர் எடுத்தாயிற்று. இம்முறை குழாய் எனக்கு.