டூல்ஸ் கடையில் அண்ணன் இல்லை

டூல்ஸ் கடை வைத்திருப்பவர்களை உலகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எது நல்ல பிராண்ட்?" கடைக்காரர் பெண்ணாக இருந்தால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இலவசம்: "அண்ணன் இல்லியா?" கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் சகோதரிகளே, உங்களுடையது மருந்துக்கடையோ செல்போன் கடையோ, உங்களுக்கும் இது நடந்திருக்கும். வாருங்கள், சேர்ந்து மனசை ஆற்றிக்கொள்வோம்.

அண்ணன் என்பது என் வீட்டுக்காரர். திருநின்றவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். தங்கமான மனிதர். வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார், ஏறுவது நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தான். காலையில் டூல் கொடுப்பது, சாயங்காலம் திரும்ப வாங்குவது, வருஷக்கணக்கில் இதே வேலை. எந்த ஸ்பேனர் வாய் அகன்று வரும், எந்த டிரில் பிட் முனை மழுங்காமல் வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கம்பெனி ஊரை விட்டுப் போனதும் வெள்ளானூரில் இந்தக் கடையைப் போட்டேன்.

புது வீடுகள் முளைக்கிற இடம். ஆணியும் குழாய் வாஷரும் நன்றாகவே போகும். ஆணி விற்கவா நான் கடை போட்டேன்? ஒரு பட்டறை, ஒரே ஒரு பட்டறை, என் பேச்சை நம்பி மொத்தச் சாமானையும் என்னிடம் வாங்க வேண்டும். அதுதான் என் ஆசை. அந்த நேரத்தில் செல்வம் என்கிற வெல்டர், இரும்பு கேட்டும் கிரில்லும் செய்கிறவர், பட்டாபிராம் பக்கம் சொந்தமாக ஷெட் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் அவரே கடைக்கு வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, அண்ணன் இல்லியா? செரி, நான் அப்பால வரேன்."

கனம்

புது ஃபிளாட்டுக்குக் குடிவந்த ஒருவர் திரைச்சீலைக் கம்பி மாட்ட டிரில்லிங் மெஷின் கேட்டார். நான் எடுத்து வைத்த இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்தார். இரண்டிலும் திருப்தி இல்லை. கான்கிரீட் உடைக்கிற பெரிய மெஷின் ஒன்று மேல் தட்டில் இருந்தது. "அது நல்ல வெயிட்டா தெரியுதே, அதான் நல்ல பிராண்டு," என்றார். "சார், உங்களுக்கு வேண்டியது நாலு ஓட்டை. சின்ன மெஷின் போதும். மிச்சக் காசுல நல்ல பிட்டா வாங்குங்க. மெஷின் சும்மா சுத்தும், ஓட்டை போடறது பிட்டுதான்," என்றேன். அவர் அண்ணனை விசாரித்தார். அண்ணன் இல்லை என்றதும் வேறு கடைக்குப் போய் அந்தப் பெரியதையே வாங்கிவிட்டார்.

அந்த ஃபிளாட்டுகளின் சுவர் லேசான கல்லில் கட்டியது. அதில் அந்த மெஷினை வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் அவர் மனைவி சுவரில் பூச புட்டி வாங்க வந்தபோது, கம்பி மாட்டியாச்சா என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"கம்பி இன்னும் மாட்டலக்கா. ஆனா பக்கத்து வீட்டு சீரியல் இப்ப நல்லா கேக்குது."

கலர்

எங்கள் தொழிலில் பிராண்ட் பெயரைச் சொல்லிக் கேட்கிறவர்கள் குறைவு. "அந்த மெரூன் கலரு குடுக்கா" என்பதுதான் வழக்கம். போலி தயாரிப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பிளம்பர் பாபு என் கடையில் விலை கேட்டுவிட்டு, அதே மெரூன் கலரில் ஒரு கட்டிங் மெஷினை நடைபாதைக் கடையில் பாதி விலைக்கு வாங்கினார். சுவரில் குழாய் பதிக்க இரண்டு வீடு வெட்டினார். மூன்றாவது வீட்டில் புகைந்துவிட்டது. மெஷினை நேராக என்னிடம் கொண்டுவந்து, "கம்பெனி கேரண்ட்டி போட்டுக் குடு" என்று நிற்கிறார். விற்றது நடைபாதை, கேரண்ட்டி நான். நியாயம்தானே?

கழற்றிக் காட்டினேன். உள்ளே செம்புக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் கருகிக் கிடந்தது. பாபு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனிதருக்குத் தோற்றுப்போக மனசு வரவில்லை.

"உள்ள இன்னா வேணா இருக்கட்டுங்க்கா. பெயிண்ட்ட பாரு, ஒரு கீறல் உழுந்துகீதா? அது ஒரிஜினலு!"

பெரிய பெட்டி

நர்ஸ் வேலை பார்க்கும் வனிதா என்ற பெண், வீட்டுக்கு ஒரு டூல் கிட் வேண்டும் என்று வந்தார். ஆன்லைனில் பார்த்த பெட்டியைப் போனில் காட்டினார். கல்யாணச் சீர் மாதிரி அடுக்கடுக்காக என்னென்னவோ. "இதுல பாதி எதுக்குன்னு எனக்கே தெரியாதும்மா," என்றேன். நல்ல எஃகில் செய்த இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கட்டிங் பிளேயர், ஒரு சுத்தியல், வாய் திருகி அகலமாக்கும் ஸ்பேனர் ஒன்று, இவற்றை எடுத்து வைத்தேன். கரண்ட் பார்க்கும் டெஸ்டரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பெண் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று முழுக்க எனக்கு நெஞ்சு குளிர்ந்து கிடந்தது.

ஒரு மாசம் கழித்து கதவுக்கு எண்ணெய் வாங்க வந்தார். டூலெல்லாம் எப்படி இருக்கிறது என்றேன்.

"சூப்பர்க்கா. எல்லாம் என் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். இப்ப அவரு ஸ்க்ரூ டிரைவர் வேணும்னா எங்கிட்ட காரணம் சொல்லிட்டுதான் எடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை நிபுணர்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வீட்டுக்காரர் கடையில் வந்து உட்காருவார். பேப்பர் படிக்கத்தான். ஆனால் ஊரே அன்றைக்குத்தான் சந்தேகம் கேட்க வரும். ஒருவர் அவரிடம், "சார், டைல்ஸ் வெட்ட எந்த பிளேடு?" என்பார். அவர் என்னைப் பார்ப்பார். நான் சொல்வேன். அவர் அதையே ஒரு தடவை செருமிவிட்டு, பாடம் நடத்துகிற குரலில் திருப்பிச் சொல்வார். நடுவில் இரண்டடி தூரம்தான், என் குரல் வந்தவர் காதில் விழாமல் இருக்காது. இருந்தும் வந்தவர் தலையாட்டுவது அவருக்குத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்காரரோ சிரிப்பை அடக்க முடியாமல் பேப்பருக்குள் போய்விடுவார்.

"சார் வாயால கேட்டா ஒரு தெளிவு கெடைக்குதுக்கா."

புகை

ஒரு ஞாயிறு நான் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பார்த்து வைத்தாற்போல் அன்றைக்கு செல்வம் வந்து, இரும்பு தேய்க்கக் கையில் பிடிக்கும் கிரைண்டர் கேட்டிருக்கிறார். கேட்டுச் சொல்ல ஆள் இல்லாத என் வீட்டுக்காரர், அட்டைப்பெட்டிகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தப் பெட்டியில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே பறவைக்கூடு செய்கிற படம். "கைக்கு அடக்கமாக இருக்கிறது, நம்பி எடுத்துக்கொள்ளலாம்," என்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமை செல்வம் புயல் மாதிரி வந்தார். "மிஷினு கைய வெக்க முடில, அடுப்பு மேரி கொதிக்குது. புகை வந்துகினே கீது. எங்கக்கா அண்ணன்?" பட்டறைக் கனவு அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன். மெஷினை வாங்கிப் பார்த்தேன். மோட்டார் எரியவில்லை, பிழைத்திருந்தது. "பிராண்ட் மேல குத்தம் இல்ல. ஒரே கம்பெனி வீட்டுக்குன்னு ஒரு மெஷின் பண்ணுவான், பட்டறைக்குன்னு ஒண்ணு பண்ணுவான். இது வீட்டுக்கு. எப்பவாவது பத்து நிமிஷம் ஓட்டலாம். நீங்க காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் இரும்பு கேட்ட தேய்ச்சா அது என்ன பண்ணும்?" என்றேன்.

அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பட்டறை மெஷின் ஒன்றைக் கொடுத்தேன். கூடவே ஒரு டிராயரைத் திறந்து காட்டினேன். அந்த மெஷினுக்கான சுவிட்ச், அது தேயத் தேய மாற்ற வேண்டிய கார்பன் துண்டுகள், எல்லாம் இருந்தன. "எது நல்ல பிராண்டுன்னு கேட்டா நான் சொல்றது இதுதான். ரிப்பேர் ஆகாத மெஷின் உலகத்துல கெடையாது. ஆனா பார்ட்ஸ் வெள்ளானூர்லயே கெடைக்கணும். இல்லன்னா ஒரு கார்பனுக்காக உங்க ஷெட்டு ஒரு வாரம் சும்மா கெடக்கும்." செல்வம் டிராயரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணன் இத்தயெல்லாம் சொல்லவே இல்லியேக்கா."

தள்ளி உட்கார்ந்தவர்

அடுத்த இரண்டு ஞாயிறும் செல்வத்தைக் காணோம். வேறு கடைக்குப் போயிருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மூன்றாவது ஞாயிறு மினி வேன் ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. செல்வம் இறங்கினார். ஷெட்டுக்கு இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், நிறுத்தி வைத்துத் துளை போடும் டிரில், பைப் வெட்டும் மெஷின், இன்னும் இரண்டு கிரைண்டர், எல்லாம் இன்றைக்கே வேண்டுமாம். கல்லாவில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பேப்பரை மடித்து வைத்து, தொண்டையைச் செருமி, தயாரானார்.

"சார், நீங்க கொஞ்சம் தள்ளி குந்துங்க. அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும்."

வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியோடு வாசல் வரைக்கும் தள்ளி உட்கார்ந்தார், அவர் முகத்தில்தான் என்ன ஒரு சந்தோஷம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வைஸைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இப்போதும் யாராவது வந்து "அண்ணன் இல்லியா?" என்று கேட்டால் எனக்குக் கோபமே வருவதில்லை, "இருக்காரு, நல்ல பிராண்டுதான், ஆனா வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்று சொல்லிவிடுகிறேன்.