சென்சரைக் கொதிநீரில் போட்ட நாள்

சுனாமியன்று கல்லடியில் எங்கள் வீட்டு வளவில் நின்ற வான் வண்டிக்குள் கடல் புகுந்துவிட்டது. எஞ்சினை இயக்கும் கொம்பியூட்டர் பெட்டி உப்புப் பிடித்துச் செத்துப்போனது. அதேபோல் இன்னொன்று எங்கும் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்த மைத்துனர், அளவுகளைப் பதிந்து எந்த வாகனத்துக்கும் பூட்டக்கூடிய வேறொரு பெட்டியை அனுப்பினார். என் கணவர் ஒரு மாதம் வயர்களோடு மல்லுக்கட்டி அதைப் பூட்டினார்.

வான் ஓடியது. ஆனால் சூடான எஞ்சினை நிறுத்தினால் மறுபடி எடுக்காது. பெற்றோல் மணம்தான் வரும். அந்த நாட்களில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் எஞ்சினை நிறுத்தியே ஆகவேண்டும். ஒருநாள் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாலத்தடிச் சாவடியில் வான் நின்றுவிட்டது. பின்னால் வாகனங்கள் சேர்ந்தன. இராணுவத்தினர் துவக்கை நிமிர்த்திக்கொண்டு கத்தினார்கள். என் கணவரும் என்னோடு வானில் வந்த மற்ற ஆசிரியர்களும் இறங்கித் தள்ளினார்கள். ஏழு மாத வயிற்றோடு நான் மட்டும் உள்ளே இருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் எந்நேரமும் வானடியில்தான். எனக்கு ஆத்திரம் வந்தது.

"என்ன விட்டுப்போட்டு வானையே கட்டியிருக்கலாம் நீங்க."

அவர் சிரிக்கவில்லை. "எஞ்சின் கொதிச்சு நிண்டாலும் பெட்டி அதக் குளிரெண்டு நினைக்குது புள்ள. அதுதான் பெற்றோலக் கொட்டுது."

"சூடு பாக்கிற சென்சர் பழுதா?"

"இல்ல. அது வானோட வந்த சென்சர், நல்லாத்தான் இரிக்கு. அது சொல்லுறது இந்தப் பெட்டிக்கு விளங்குதில்ல."

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். "அப்ப அது என்ன சொல்லுதெண்டு நாம அளந்து பாப்பம்" என்றேன்.

சனிக்கிழமை காலை. மீன் வாடியிலிருந்து ஒரு துண்டு ஐஸ் வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்து வெப்பமானியை நான் கேட்டு எடுத்து வந்திருந்தேன். கழற்றிய சென்சரை முதலில் ஐஸ் தண்ணீரில் வைத்தோம், பிறகு கிணற்றுத் தண்ணீரில், கடைசியாக அடுப்பில் கொதித்த தண்ணீரில். நான் வெப்பநிலையைச் சொல்ல, அவர் மீற்றரைப் பார்த்து மின்தடையைச் சொன்னார். சூடு கூடக்கூட அந்த எண் இறங்கிக்கொண்டே போனது. எல்லாவற்றையும் பாடக்குறிப்புக் கொப்பியின் ஓரத்தில் எழுதினேன்.

கொதிக்கிற சட்டியைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "உனக்குப் புள்ளப்பேறு நோவு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்குள்ள அந்தச் சாவடியில நிண்டிட்டா, நான் என்ன செய்வன்?"

அத்தனை நாளும் அதைத்தான் மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். மீற்றர் பிடித்திருந்த அவருடைய கையின் மேல் என் கையை வைத்தேன்.

"கைய எடு, நம்பர் மாறப்போகுது" என்றார். ஆனால் தன் கையை அவர் இழுக்கவில்லை.

பின்னேரம் சென்சரைத் திரும்பப் பூட்டினார். அதன் ஒரு வயரைப் பெட்டியில் சூடு பார்க்கும் இடத்திலும், மற்றதை வானின் உடம்பில் கொடுக்காமல் பெட்டியின் சொந்த எர்த்திலும் பிடித்து ஈயம் வைத்தார். நண்பரின் மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து, எங்கள் மூன்று அளவுகளையும் அதில் பதிந்தார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு நண்பகலில் எனக்கு நோவு கண்டது. சாவடியில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினார். இளம் சிப்பாய் ஒருவன் என்னை எட்டிப் பார்த்துவிட்டுக் கையால் "போ, போ" என்று காட்டினான். அவர் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் எடுத்தது. பாலம் முழுக்க அவர் அழுதுகொண்டே ஓட்டினார்.

அன்று பொழுதுபடுவதற்குள் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். கையைக் கழுவிவரச் சொல்லித் தாதி அவரை இரண்டு தரம் திருப்பி அனுப்பினார். நகத்தில் இருந்த கிறீஸ் போகவேயில்லை. கடைசியில் தாதியே சிரித்து, பிள்ளையை இன்னொரு துணியால் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.