கொர்பக்கானில் திரும்பிய படகு

சனிக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்குப் படகு தீவை விட்டுக் கிளம்பியது. என் மகள் நித்யா அதில் இல்லை. எனக்கு அது தெரியாது.

காலையில் ஷார்ஜாவிலிருந்து கொர்பக்கானுக்கு வந்திருந்தோம். மலையைக் குடைந்து போட்ட சாலையில் சுமார் நூறு கிலோமீட்டர். தீவுக்குப் போய்வர ஆளுக்கு எண்பது திர்ஹாம். தீவு என்றால் ஒரு பெரிய பாறை, அதன் காலடியில் கொஞ்சம் மணல். நித்யா மீன் பார்க்க இறங்கினாள். எனக்குத் தலைசுற்றல், படகின் கீழ்த்தட்டில் படுத்துவிட்டேன்.

மூன்று ஐம்பதுக்கு எழுந்து தேடினேன். "லைஃப் ஜாக்கெட் இருபத்திரண்டும் வந்தாச்சும்மா, மேல இருப்பாங்க" என்றார் பணியாளர். மேலேயும் இல்லை. அவர் எண்ணியது ஜாக்கெட்டுகளை, தலைகளை அல்ல. முங்கிப் பார்க்கத் தடையாக இருக்கிறதென்று நித்யா தன்னுடையதைக் கழற்றி மணலில் போட்டிருக்கிறாள்; யாரோ அதையும் பொறுக்கிப் படகில் போட்டிருக்கிறார்கள். நான் அலறினேன்.

கேப்டன் சேவியர், மணப்பாட்டுக்காரர், ஒரு கேள்வியும் கேட்காமல் படகைத் திருப்பிவிட்டுக் கரைக்கு விஷயத்தைச் சொன்னார். உடனே ரேடியோவில் மேலாளரின் குரல்.

"சேவியர், எங்க திரும்புற? நாலு மணி பார்ட்டி நிக்குது. யல்லா, கரைக்கு வா. பிள்ளையத் தேட ஸ்பீடு போட்டு ஒண்ணு அனுப்புறேன்."

"அது வர அரைமணி ஆவும் சார். பிள்ள கடல்ல கெடக்கு."

"போட்டு உன்னோடதா? சொன்னதச் செய்!"

"கரையில ஒங்க போட்டு சார். கடல்ல நான் பாத்துக்கிடுதேன்." ரேடியோவை அணைத்துவிட்டார்.

"எனக்கு அஞ்சு மணிக்கு டூட்டி" என்று பயணி ஒருவர் முனகினார். "உம்ம பிள்ளைன்னா டூட்டி பாப்பீரோ?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

மணல் வெறுமையாக இருந்தது. சேவியர் எஞ்சினை நிறுத்தினார். "ஒருத்தரும் பேசாதிய. கேக்கணும்." படகு முழுக்க மூச்சை அடக்கியது. பாறைக்குப் பின்புறமிருந்து மெலிதாக ஒரு குரல்.

அவரே குதித்து நீந்தினார். நீரோட்டம் இழுத்துப்போன நித்யா, சிப்பி மூடிய பாறையைக் கட்டிப் பிடித்திருந்தாள். மேலே ஏற்றியபோது உள்ளங்கைகள் கிழிந்திருந்தன. "திட்டாதம்மா" என்றாள்.

நான்கு ஐம்பதுக்குக் கரையில் இறங்கினோம். மேலாளர் வேகமாக வந்தார். நான் கைகூப்பியதை அவர் பார்க்கவில்லை.

"சாவியக் குடு. நாளைக்கு நீ வர வேண்டாம்."

சேவியர் சாவியைக் கொடுத்துவிட்டுச் சட்டையைப் பிழிந்தார்.

"ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழம பூசைக்கு லீவு கேட்டேன் சார். இப்பத்தான் தந்திருக்கிய."