மிஸ் எர்லீன் காப்பாற்றிய கட்டடம்

எர்லீன் டாக்கெட் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவின் லூயிவில் நகரத்து மேற்குப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் மிஸ் எர்லீன். வாயைத் திறந்தால் வம்பு. மூடிக்கொண்டால் அதைவிடப் பயம். எங்கள் கலைக்கூடத்தின் கூரை ஒழுகினால் வெள்ளிக்கிழமை மீன் பொரித்து விற்றுப் பணம் சேர்ப்பார். கொதிகலன் மக்கர் செய்தால் அதை வைதே ஓடவைப்பார். எங்கள் தெருப் பிள்ளைகள் ஆடக் கற்றதும் டிரம்பெட் ஊதி அக்கம்பக்கத்தார் உயிரை வாங்கியதும் அங்கேதான்.

அந்தக் கலைக்கூடத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் போடப்போகிறார்கள் என்று சேதி வந்தது. மிஸ் எர்லீன் அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து சண்டை போட்டார். ஜெயித்தும் விட்டார். அன்று தெருவே விருந்து சாப்பிட்டது. நானும் மூக்குப் பிடிக்கத் தின்றேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, அப்புறம் வந்தார்கள் நிபுணர்கள். ஏதோ ஓர் அறக்கட்டளை அனுப்பிய ஆட்கள். கட்டடத்தை அதன் அசல் வடிவத்துக்கே கொண்டுபோகப் போகிறோம் என்றார்கள். அசலில் அது வெள்ளைக்காரர்களின் நாடகக் கொட்டகை. கறுப்பர்கள் நாங்கள் அதை வாங்கியது நாற்பது வருஷம் கழித்துத்தான். ஆக, நாங்கள் வரைந்த சுவரோவியங்கள் அசல் இல்லை, சுரண்டினார்கள். நாங்கள் போட்ட நடனத் தளமும் அசல் இல்லை; பெயர்த்தார்கள்.

பிறகு சந்துப் பக்கச் சுவரின் செங்கல்லை உடைத்தார்கள். அதற்குப் பின்னால் இருந்தது அசல். அந்தக் காலத்தில் முன்வாசல் மறுக்கப்பட்ட கறுப்பர்கள் நுழைந்து மாடி மூலைக்கு ஏறவேண்டிய பக்கவாசல். கட்டடம் எங்கள் கைக்கு வந்த அன்றே மிஸ் எர்லீனும் அவர் கணவர் ரூஃபஸும் தங்கள் கையால் அடைத்த வாசல். வேண்டாம் என்று மிஸ் எர்லீன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வரலாற்றை மறைக்கக் கூடாது என்று அவருக்கே பாடம் எடுத்தார்கள்.

திறப்புவிழாவுக்கு நானும் மிஸ் எர்லீனும் போனோம். முன்படிகளின் கீழே அவர் மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்து, அறக்கட்டளைப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள்.

"படி உங்களுக்குக் கஷ்டம்மா. பக்கவாசல்ல லிஃப்ட் வெச்சிருக்கோம், அந்த வழியா வாங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"எங்கம்மா அந்த வழியாத்தான் போனா, கண்ணு," என்றார் மிஸ் எர்லீன். "நான் போகமாட்டேன்."

கைப்பிடியைப் பற்றிப் பாதிப் படிவரை ஏறினார். எண்பது தாண்டிய கால்கள் அதற்குமேல் கேட்கவில்லை. உள்ளே யாரோ ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள்.

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"இடிக்க விட்டிருக்கணும்," என்றார்.