காசிம் போடாத கழித்தல் குறி

காசிமின் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான். கத்தி எடுக்கவில்லை, கள்ளச் சாட்சி சொல்லவில்லை... அவன் போட்ட கணக்குப் பிழை என்று தெரிந்துகொண்டே "சரி" என்று சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது!

நீங்கள் சிரிப்பீர்கள். ஒரு பள்ளிக்கூடக் கணக்கால் எவனாவது கெட்டுப்போவானா என்று கேட்பீர்கள். நானும் அதையே கேட்டுக் கேட்டுத்தான் இத்தனை வருடம் தப்பிக்கப் பார்த்தேன். கடைசிவரை கேளுங்கள், பிறகு சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

நான் வங்காலைக்காரன். என்னைப் பெற்ற அப்பு மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். காசிம் உப்புக்குளத்துக்காரன். அவனுடைய வாப்பா முசலிக் கரையில் முத்துக்கும் சங்குக்கும் குளிக்கப் போகிறவர். மன்னார்ப் பட்டினத்து ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். படிப்பு முடிந்த கையோடு அரசாங்கக் கச்சேரிச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. நில அளவைக் கந்தோரில் வேலை பழக மன்னாரில் இருந்து ஓர் ஆள் எடுப்பார்கள், அதற்கு ஒரு சோதனை உண்டு என்று இருந்தது.

ஓர் ஆள்! நாங்கள் இரண்டு பேர்.

என் வீட்டில் தங்கைமார் இரண்டு பேர், உடைந்துபோன ஒரு வள்ளம். அதைச் சொல்லி என்னை நியாயப்படுத்தப் போவதில்லை. ஏனென்றால் காசிமின் வீட்டில் அதைவிட மோசம். வேலை கிடைக்காவிட்டால் அடுத்த குளிப்புக்கு அவனும் தோணியில் ஏறவேண்டும் என்று வாப்பா சொல்லிவிட்டார். காசிம் அதற்கு முன்பு ஒரே ஒருமுறை இறங்கிப் பார்த்திருந்தான். அந்தக் கதையை வேறு ஒருவருக்கும் சொல்லாமல் எனக்கு மட்டும் சொன்னான்.

"கல்லைக் காலில கட்டிக்கொண்டு கீழ போகேக்க காதுக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்குது மச்சான். எனக்கு அந்தக் கடல் வேணாம். நான் செத்துப்போவன்."

இதைக் கேட்டவன் நான். கேட்டுவிட்டுத்தான் செய்தேன்... மனிதன் என்றால் இப்படியும் இருப்பானா?

எங்கள் இருவருக்கும் ஒரே புத்தகம். யாழ்ப்பாணத்தில் பழசாக வாங்கியது. விடைகள் இருந்த கடைசித் தாள்களைக் கறையான் தின்றிருந்தது. மாலை வேளைகளில் கோட்டைக் காவல்காரரைக் கெஞ்சி மதில்மேல் ஏறி இருந்து கணக்குப் போடுவோம். நேர்கோட்டு ஓட்டக் கணக்குகள் என்றால் காசிமுக்கு அல்வா தின்கிற மாதிரி. தலைமன்னார் ரயில் இன்ன வேகத்தில் வருகிறது, தடையை அழுத்தினால் எத்தனை அடியில் நிற்கும் என்று கேட்டால், நான் கேள்வியைக் கொப்பியில் எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவான். எனக்கு எரியும். சிரித்துக்கொண்டுதான் எரிவேன்.

எறிகிற கணக்குகளை எறிந்தே பார்ப்போம். மதில் விளிம்பில் நின்று நான் ஒரு கல்லை நேர்கிடையாக வீசுவேன், அவன் இன்னொரு கல்லைச் சும்மா கைவிடுவான். இரண்டும் ஒன்றாகவே நிலத்தைத் தொடும். நொடி எண்ணுவது அவன் வேலை. மூச்சடக்கிக் கடலடியில் கிடக்கிறவர்கள் எண்ணுகிற எண்ணிக்கை அது, வாப்பா பழக்கிவிட்டது. மணிக்கூடு தோற்றுப்போகும்.

சோதனைக்கு முந்தின நாள் பின்னேரம் அந்தக் கணக்கு வந்தது. முப்பத்திரண்டு அடி உயரச் சுவரில் நின்று ஒருவன் நொடிக்குப் பதினாறு அடி வேகத்தில் ஒரு கல்லை நேர்மேலே எறிகிறான். கல் நிலத்துக்கு வர எவ்வளவு நேரம்?

காசிம் கண்ணை மூடித் திறந்து "ஒரு நொடி" என்றான்.

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பிழை எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. அவன் குளியாளின் மகன். அவன் வீட்டில் எல்லாக் கணக்கும் கீழ்நோக்கித்தான். எத்தனை பாகம் ஆழம், கல் எவ்வளவு விரைவாக இறங்கும்... அங்கே யார் கல்லை மேலே எறிவார்கள்? அதனால் கீழே போவதைக் கூட்டல் என்று வைத்தான். அதில் குற்றமில்லை. ஆனால் மேலே எறிந்த வேகத்துக்கும் கூட்டல் போட்டுவிட்டான். அதற்குக் கழித்தல் குறி போட்டிருக்க வேண்டும். அவன் கணக்கில் இருந்த கல் கீழ்நோக்கி எறிந்த கல். மேலே எறிந்த கல்லுக்கு இரண்டு நொடி வேண்டும்.

நான் வீச்சுவலை எறிந்து வளர்ந்தவன். எறிந்தது முதலில் மேலே போய், நின்று, பிறகுதான் விழும் என்பது என் கைக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு அது அவ்வளவு விரைவில் பிடிபட்டது. வாழ்க்கையில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, நான் காசிமைவிடக் கெட்டிக்காரனாக இருந்தேன்!

"இது சரியோ மச்சான்?" என்று கேட்டான்.

அவனுக்கே ஏதோ ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். கீழே கிடந்த கல் ஒன்றைக் கையில் எடுத்தான்.

"மேல எறிஞ்சு எண்ணிப் பாப்பமா?"

எறிந்திருந்தால் முடிந்திருக்கும். அவன் எண்ணிக்கை பிசகாது. கல் இறங்குமுன்பே பிழையைக் கண்டுபிடித்துச் சிரித்திருப்பான். நான் அவன் கையைப் பிடித்தேன். கல்லை வாங்கிக் கீழே போட்டேன்.

"விடை முழுசா வந்திருக்குது, பின்னமே இல்லை. பிறகென்ன? ஓம், சரிதான். நாளைக்குச் சோதனை, வா போவம்."

விடை முழு எண்ணாக வந்தால் கணக்குச் சரி என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நம்பினோம். அவனும் நம்பினான். என்னையும் நம்பினான்.

மறுநாள் கச்சேரி மண்டபத்தில் வினாத்தாளைப் புரட்டினேன். ஐந்தாம் கேள்வி... என் தேவனே! அறுபத்து நான்கு அடிக் கோபுரம், நேர்மேலே எறிந்த கல், நொடிக்கு நாற்பத்தெட்டு அடி வேகம். சரியான விடை நான்கு நொடி. காசிமின் வழியில் போட்டால் மீண்டும் ஒரு நொடி, முழுசான ஒன்று. அந்த எண்களை அமைத்தவருக்கு என்மேல் என்ன கருணையோ, என்ன பகையோ தெரியவில்லை.

அவன் எனக்கு முன்னால் இரண்டு கதிரை தள்ளி இருந்தான். எழுதி முடித்துப் பேனையை வைத்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நேற்றுப் போட்ட கணக்கே வந்துவிட்டது என்று அந்தத் தலையாட்டலுக்குப் பொருள். நானும் தலையாட்டினேன். நான்கு என்று அழகாக எழுதினேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. எங்கள் இருவருக்கும் இடையில் இருந்தது அந்த ஒரு கேள்வியின் புள்ளிகள்தான் என்று கந்தோர் எழுதுவினைஞர் பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அவருக்கு அது ஒரு வேடிக்கைக் கதை. நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

அந்த வருடமே காசிம் தோணியில் ஏறினான். நான் நறுவிலிக்குளத்து வயல்களில் சங்கிலி பிடித்து நிலம் அளந்தேன். மூன்றாம் குளிப்பில் அவனுக்கு இரண்டு காதும் உடைந்துபோயிற்று என்று கேள்விப்பட்டேன். உயிர் தப்பியது, காது கேட்பது போய்விட்டது. தங்கைமாரைக் கட்டிக்கொடுத்தேன். கல்வீடு கட்டினேன். ஊரில் எனக்கு நல்ல பெயர்!

கோயிலில் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். வருடா வருடம் செய்கிறேன். "பொய் சொன்னேன் சுவாமி" என்பேன். என்ன பொய், யாருக்கு என்று சுவாமி கேட்கமாட்டார், நானும் சொல்லமாட்டேன். பரிகாரமாக மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்லுவார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன். பாரம் அப்படியே கூட வரும்.

கடைசியில் தாங்கமுடியாமல் போன வருடம் உப்புக்குளத்துக்குப் போனேன். காசிம் வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கட்டிப்பிடித்தான். காது கேளாதவர்கள் பேசுவதுபோல உரத்த குரலில், தெருவுக்கே கேட்கும்படி பேசினான். தேத்தண்ணீர் வந்தது. பழைய கதைகள் வந்தன. சோதனைக் கதையை அவனே எடுத்தான்.

"நீ பாத்துத் தந்த கணக்கெல்லாம் சரியாத்தான் எழுதினனான். இங்கிலீசிலதான் கோட்டை விட்டிருப்பன் மச்சான்."

எனக்குள் ஏதோ இடிந்து விழுந்தது. அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். குறியைச் சொன்னேன், கையைப் பிடித்ததைச் சொன்னேன், தெரிந்தே செய்தேன் என்றேன். அழுதுகொண்டு சொன்னேன். காசிம் என் உதட்டையே பார்த்துக்கொண்டு இருந்தான். என் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து என் முதுகைத் தடவினான்.

திரைக்குப் பின்னால் இருந்து அவன் மனைவி சொன்னாள்: "அவருக்கு ஒண்டும் கேக்காது. சிலேட்டில எழுதிக் காட்டுங்கோ, வாசிப்பார்."

காசிமே சிலேட்டை எடுத்து, துணியால் துடைத்து, குச்சியோடு என் மடியில் வைத்தான். என்ன எழுதப்போகிறேன் என்று ஆவலாகக் குனிந்தான். இரண்டு வரி போதும். எனக்கு எழுதத் தெரியும், அவனுக்கு வாசிக்கத் தெரியும்.

"தேத்தண்ணி நல்லா இருந்தது" என்று எழுதினேன்.

அவன் அதை உரக்க வாசித்து உள்ளே சொன்னான். சந்தோசத்தில் அவன் முகம் மலர்ந்தது. நான் எழும்பி வந்துவிட்டேன்.

காசிம் இன்னும் அங்கேதான் இருக்கிறான். மன்னார்த் தீவுக்குப் போகும் பாலத்தைக் கடந்து நடந்தால் அரை நாளில் அவன் வாசலுக்குப் போகலாம். நான் இதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.